ஒன்பதாவது தூணில் பெயர் இல்லை

எங்கள் நிலையத்தின் நிரந்தர ஆணைகளில் ஒன்று உண்டு. பணியில் உயிர்நீத்த ஒருவரின் பெயரை விளையாட்டு, பொழுதுபோக்கு சம்பந்தப்பட்ட கட்டடம், பொருள், அச்சுத்தாள் எதிலும் பயன்படுத்துவதற்கு முன், நெருங்கிய உறவினரின் எழுத்துபூர்வமான சம்மதமும் ஆவண அலுவலகத்தின் சரிபார்ப்பும் பெறப்பட்டிருக்க வேண்டும். இந்த ஆணையைப் புதிய பதிப்புகளுக்காக நான் ஏழெட்டு முறை தட்டச்சு செய்திருக்கிறேன். முப்பத்துநான்கு ஆண்டுப் பணியில் அது பின்பற்றப்பட்டு ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். வழக்கமாகப் பெயரை வைத்துவிடுவார்கள், விழா நடத்துவார்கள், பிறகு யாராவது கேட்டால் பின்னேற்பு வாங்குவார்கள். அந்தப் பின்னேற்புக் குறிப்புகளில் பாதி என் கைவண்ணம்.

இதை எழுதக் காரணம் வரைபடப் பிரிவின் வாட்ஸ்அப் குழு. ஓய்வு பெற்றவர்களை அதிலிருந்து நீக்க விதி எதுவும் இல்லாததால் நானும் இருக்கிறேன். போன மாதம் பிரவீன் என்ற இளைய வரைவாளர், விளையாட்டு விழாவுக்கான சின்னம் ஒன்றைக் கணினியிடம் கேட்டு, டீ ஆறுவதற்குள் வாங்கிப் போட்டிருந்தார். நன்றாகவே இருந்தது. கீழே எனக்கு ஒரு கேள்வி: "மேடம், கோல்ஃப் மைதானத்து லோகோவுக்கு நீங்க பதினோரு மாசம் எடுத்தீங்கன்னு சொல்றாங்களே, நெஜமா?"

நிஜம்தான். பதினோரு மாதமும் எங்கே போயிற்று என்று சொல்லிவிடுகிறேன்.

நிலையத்தின் பெயரை எழுத மாட்டேன். ஜிஎஸ்டி சாலையில் தாம்பரம் பக்கம் போகிறவர்கள் எங்கள் மதில் சுவரைப் பார்த்திருப்பார்கள். நான் ஐந்து ஆண்டுகள் ஓவியம் படித்துவிட்டு, சிட்லபாக்கத்திலிருந்து சைக்கிளில் வந்து அங்கே சிவிலியன் வரைவாளராகச் சேர்ந்தேன். முதல் பத்து ஆண்டுகளில் கற்றுக்கொண்டது மூன்று வரிசைகளை: பதவி வரிசை, பதக்க வரிசை, நாற்காலி வரிசை. கழிவறைப் பலகையிலிருந்து கௌரவப் பலகை வரை நிலையத்தில் கண்ணில் படும் எழுத்தெல்லாம் எங்கள் பிரிவிலிருந்து போனவை. கற்றுக்கொண்டதைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

மதிலுக்குள் ஒன்பது குழி கோல்ஃப் மைதானம் ஒன்று இருந்தது. கோடையில் நெருஞ்சிமுள், கார்த்திகையில் குளம். அதைச் சீர்செய்து, நம் படைகளின் வரலாற்றைப் போற்றும் மைதானமாக ஆக்க வேண்டும் என்று புதிதாக வந்த நிலையத் தளபதிக்குத் தோன்றியது. "பிராண்ட் ஐடென்டிட்டி" தேவை என்று கடிதம் வந்தது. அது எந்தப் பிரிவின் வேலை என்று எந்தக் கையேட்டிலும் இல்லை. படம் சம்பந்தப்பட்டது என்பதால் எங்களிடம் வந்தது.

மைதானத்தின் செயலாளர் கர்னல் அன்வர். ஆம்பூர்க்காரர். ஓய்வு பெற்று, மறுநியமனத்தில் வந்தவர். மறுநியமனத்தில் வருகிறவர்கள் இரண்டு வகை. ஒரு வகை, நாளிதழ் படிக்க வருவார்கள். இன்னொரு வகை, தாங்கள் இன்னும் ஒரு படையை நடத்துவதாக நினைத்துக்கொண்டு வருவார்கள். இவர் இரண்டிலும் சேரவில்லை. அதனால் எனக்கு முதலில் சந்தேகமாகவே இருந்தது. வந்த கடிதத்துக்கு வந்த அன்றே பதில் எழுதுவார். யாரிடமும் இல்லை, முடியாது என்று சொல்ல மாட்டார். எதைக் காட்டினாலும் ஒரே வார்த்தைதான் கேட்பார்: "அப்புறம்?"

மூன்று வாரம் உழைத்து முதல் வடிவமைப்பைக் கொண்டுபோனேன். கேடயம். குறுக்கே வாள்களுக்குப் பதிலாக இரண்டு கோல்ஃப் மட்டைகள். மேலே நட்சத்திரம், கீழே நாடா. ஒன்பது குழிகளுக்கும் ஒன்பது கொடிகள். ஒவ்வொன்றிலும் ஒரு படைப்பிரிவின் வண்ணம். மாதிரிக்கு ஒரு கொடியை மேற்கு தாம்பரம் மார்க்கெட்டில் கொடுத்துத் தைத்தும் வைத்திருந்தேன். என் வேலையை நானே மெச்சிக்கொள்வது வழக்கமில்லை. அன்று மெச்சினேன்.

கர்னல் பத்து நிமிடம் பார்த்தார்.

"ரொம்ப அழகா இருக்கு மேடம். வாங்க, கொஞ்சம் நடப்போம்."

முதல் நாள் மழை பெய்திருந்தது. முதல் குழியருகே குணா நின்றிருந்தார். ஆட்டக்காரர்களின் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடப்பவர்களில் மூத்தவர் அவர். அந்த வேலைக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரைத் தமிழில் எழுதினால் 'கேடி' என்றாகி, போலீஸ் பட்டியல் நினைவுக்கு வருகிறது. ஆகவே பை தூக்குபவர் என்றே எழுதுகிறேன். கர்னல் என் கொடியைக் கம்பில் மாட்டிக் குழியில் நட்டார். அழகாகப் பறந்தது.

"குணா, நான் இப்ப பந்தக் குழியில தள்ளப் போறேன். நீ என்ன பண்ணுவ?"

குணா கம்பை உருவி, ஈரப் புல்லின் மேல் கிடத்தினார். படைப்பிரிவின் வண்ணம் சேற்றில் கிடந்தது.

"அப்புறம்?" என்றார் கர்னல்.

"அப்புறம் இன்னா சார்? நீங்க அட்ச்சி முடிக்கற வரிக்கும் அது கீயே கெடக்கும். அத்த தலை மேல வச்சிக்கினா நிக்க முடியும்?"

கர்னல் என் பக்கம் திரும்பவில்லை. அதுதான் அவர் மரியாதை. படைப்பிரிவின் வண்ணங்கள் தரையைத் தொடக் கூடாது என்ற வாசகத்தை ஒரு சாண் உயர எழுத்துகளில் அணிவகுப்பு மைதானத்துக்கு எழுதிக் கொடுத்ததே நான்தான். அதே கை, ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது முறை மண்ணில் கிடத்துவதற்கென்று ஒன்பது கொடிகளை வடிவமைத்திருந்தது. விதியெல்லாம் மனப்பாடமாகத் தெரிந்து, ஆட்டத்தை ஒரு நாளும் பார்க்காதவர்களால் மட்டுமே செய்யக்கூடிய தவறு.

அன்றிலிருந்து ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்துக்கொண்டு நடந்தோம். பந்தில் சின்னம் போடலாமா? அப்புறம்? இரும்பு மட்டையால் அடிப்பார்கள். அப்புறம்? குளத்தில் விழும். துண்டு? சேறு துடைப்பார்கள். மிதியடியைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. நானே பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். மதிப்பெண் அட்டையை ஒரு நாள் முழுக்கப் பின்தொடர்ந்தோம். ஆட்டம் முடிந்ததும் மேசைக்கு வந்தது, அதன் மேல் வடை வைக்கப்பட்டது, பிறகு குப்பைக்கூடை. "தியாகத்த வச்சு வடை எண்ணெய் ஒத்தி எடுக்க வேண்டாம் மேடம்" என்றார் கர்னல். அவர் சொன்ன ஒரே கடுமையான வாக்கியம் அது.

தளபதியோ எல்லாவற்றிலும் சின்னம் வேண்டும் என்றார். திறப்பு விழாக் கேக்கிலும். கேக்கை வெட்டுவார்கள் என்பதை கர்னல் ஒரு பக்கக் குறிப்பாக எழுதி அனுப்பினார். பதில் வரவில்லை. கேக்கில் பூப் போட்டார்கள்.

நாலாவது மாதம் சரக்கறையில் பழைய வெடிமருந்துப் பெட்டிகள் கண்ணில் பட்டன. மரப்பெட்டி, அதன் மேல் தகட்டச்சு வைத்துப் பூசிய எண்கள். தகட்டை வெட்டி அச்சாக்குவதால் ஒவ்வொரு எண்ணிலும் இரண்டு இடத்தில் இடைவெளி விழும். சிப்பாய்கள் தினமும் தூக்கி, இறக்கி, மேலே உட்கார்ந்து, அதன் மேலேயே சாப்பிட்ட எண்கள் அவை. தரையில் படலாம், சேறாகலாம், யாருக்கும் அவமானமில்லை. மண்ணில் கிடப்பதுதான் அவற்றின் பிழைப்பே. கொடி, பந்து, துண்டு, அட்டை எல்லாவற்றுக்கும் அந்த எண்களும், பெட்டிகளின் மங்கிய பச்சையும் மட்டும் என்று முடிவாயிற்று. கேடயம் நுழைவாயிலிலும், ஆட்டக்காரர் மன்றத்தின் சுவரிலும், கடிதத் தாளிலும் மட்டும். மட்டைகளும் நட்சத்திரமும் போய்விட்டன. வடிவமைப்பு எனக்கு முன்பைவிடப் பிடித்திருந்ததை கர்னலிடம் சொல்லவில்லை.

அடுத்து, குழிகளுக்குப் பெயர். இந்தச் சுற்றுவட்டாரத்திலிருந்து படைக்குப் போய்த் திரும்பாத ஒன்பது பேரைப் பழைய பதிவேடுகளிலிருந்து தேர்ந்தெடுத்து, விதிப்படி ஒன்பது குடும்பங்களுக்கும் ஆவண அலுவலகங்களுக்கும் எழுதினோம். மூன்று மாதத்தில் எட்டுப் பேருக்குச் சரிபார்ப்பு வந்துவிட்டது. ஒன்பதாமவருக்கு மட்டும் வரவில்லை. பொறியாளர் படையைச் சேர்ந்த அந்தோணிசாமி. ஒரு போர் முடிந்த பிறகு, எல்லையோர வயல்களில் புதைத்திருந்த கண்ணிவெடிகளை அகற்றப் போனார். உழவர்கள் மறுபடி உழ வேண்டும் என்பதற்காக. அங்கேயே முடிந்தது. கல்யாணம் ஆகவில்லை. பெற்றோரும் இப்போது இல்லை. மிஞ்சியவர் தங்கை பிலோமினா மட்டும்.

சம்மதம் வாங்க கர்னலும் நானும் பள்ளிக்கரணை போனோம். சதுப்பு நிலத்தைப் பார்த்த பின்பக்க ஜன்னல். அதனடியில் ஒரு புகைப்படம், ஒரு தந்தி, இரண்டும் ஒரே சட்டத்தில். புகைப்படத்துச் சட்டைக் கையில் ஒற்றைப் பட்டை. தந்தியில் லான்ஸ் நாயக் அந்தோணிசாமி. பிலோமினா அக்கா மறைமலை நகரில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எழுபது வயது. படிவத்தை முழுசாகப் படித்துத்தான் கையெழுத்துப் போட்டார்.

"இத்தினி வருஷத்துல எங்க வூட்டாண்ட எவனும் வந்ததில்ல. கல்லறையும் இங்க இல்ல, அங்கியே பொதைச்சிட்டாங்க. எங்கனா ஒரு எடத்துல கல்லுல அவன் பேர் இருந்தாப் போதும் சார். நான் இருக்கறப்பவே வச்சிடுங்க."

"வைப்போம்மா" என்றார் கர்னல்.

வெள்ளோட்டத்துக்கு அந்த அக்காவையும் அழைத்திருந்தோம். பெயர்களை அட்டையில் எழுதி ஒவ்வொரு குழியருகிலும் நட்டிருந்தேன். அட்டை என்பது கட்டடமும் ஆகாது, பொருளும் ஆகாது, அச்சுத்தாளும் ஆகாது என்று சரிபார்ப்புக்கு முன்பே பெயர் வைக்க வழி கண்டுபிடித்து விளக்கக் குறிப்பு எழுதியவள் நான். ஒன்பதாவது குழிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு அக்காவை உட்கார வைத்தோம். நல்ல புடவை கட்டி வந்திருந்தார். ஆட்டக்காரர்கள் வந்தார்கள். ஒரு மேஜரின் பந்து குழியில் விழுந்தது. பின்னால் வருகிறவர்களைப் பார்த்து குணா கை தட்டிக் கத்தினார்:

"டேய், மேஜர் சார் அந்தோணிய நாலே அடில முட்ச்சிட்டார்ரா!"

"என்கிட்ட போன ரவுண்டுல அந்தோணி ஏழு அடி வாங்கினான்" என்று ஒரு கேப்டன் சிரித்தார். "இன்னைக்கு அவன விடறதா இல்ல."

கோல்ஃப் ஆடுகிறவர்கள் குழியை அதன் பெயர் சொல்லித்தான் பேசுவார்கள். அதை முடித்தேன், அது என்னைத் தின்றது என்பது தினப்படிப் பேச்சு. யாரும் கெட்டவர்கள் இல்லை. பிலோமினா அக்கா நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"ஒரு தபா முடிஞ்சது போதாதா சார் அவனுக்கு? டெய்லி முடிக்கணுமா?"

குணா பையைக் கீழே போட்டுவிட்டார். "யக்கா, சத்தியமா நா அந்த மாரி சொல்லலக்கா…"

கர்னல் தொப்பியைக் கழற்றினார். "அவரு மேல தப்பில்லம்மா. வார்த்தை அவரோடது, யோசனை எங்களோடது. மன்னிச்சிடுங்க." பிறகு ஒன்பதாவதில் தொடங்கி முதலாவது வரை நடந்துபோய் ஒன்பது அட்டைகளையும் தானே பிடுங்கி, அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார். உதவிக்கு யாரையும் விடவில்லை. பணியில் இருக்கும் ஒரு கர்னலிடம்கூட நான் அப்படி ஒரு நடையைப் பார்த்ததில்லை. அவர் என் விளக்கக் குறிப்பைப் பற்றி அன்றும் கேட்கவில்லை, என்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அதன்பின் இரண்டு வாரம், தினமும் ஆட்டத்தைப் பின்தொடர்ந்து நடந்தார். குறிப்பேட்டில் என்னவோ எழுதினார். ஒரு காலை என் மேசைக்கு வந்தார்.

"மேடம், இந்த ஆட்டத்துல யாரும் சண்டை போடாத, பொய் சொல்லாத, எவனையும் திட்டாத எடம் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. தண்ணி கொழா."

ஒவ்வொரு குழியிலிருந்தும் அடுத்ததற்குப் போகும் வழியில் ஒரு குழாய் இருந்தது. துருப்பிடித்த இரும்புக் குழாய்கள். அவற்றை எடுத்துவிட்டு, இடுப்பளவு கருங்கல் தூண்கள், தூணில் குழாய், மேலே சின்னக் கூரை, தூணின் முகத்தில் பெயரும் பதவிப் பட்டையும் என்று வரைந்தேன். போன இடத்திலெல்லாம் முதலில் தண்ணீர் கண்டுபிடித்துக் கொடுப்பது பொறியாளர் படையின் வேலைகளில் ஒன்று என்று கர்னல் சொன்னார். குழிகளுக்கு வெறும் தகட்டச்சு எண்கள். அதுவே இறுதி வடிவம். பதினோரு மாதம்.

தூண்கள் நின்ற ஒரு வாரத்துக்குள் பை தூக்குகிறவர்களின் பேச்சு மாறிவிட்டது. ஒன்பதாவது தூண் வெறும் கல்லாகவே நின்றது. ஆனாலும் அவர்களுக்கு அது அந்தோணிதான்.

"சார், நீங்க நடங்க, நா அந்தோணியாண்ட ஒரு வாய் தண்ணி குட்ச்சிட்டு ஓடியாறேன்."

விழா நெருங்கியது. ஆவண அலுவலகத்துக்கு மூன்று நினைவூட்டுகள் போயிருந்தன. தளபதி மைதானத்தைச் சுற்றிப் பார்க்க வந்தபோது ஒன்பதாவது தூண் முன் நின்றார்.

"இதுல பேர் எங்க?"

"சரிபார்ப்பு வரல சார்" என்றார் கர்னல்.

"குடும்பம் சம்மதம் குடுத்தாச்சு இல்ல? பேர வச்சிடுங்க. பதில் வந்தா ஃபைல்ல சேத்துக்கலாம். இல்ல, வேற யார் பேராவது வைங்க. வர்றவங்க முன்னாடி மொட்டையா நிக்குது."

"வேற பேர் வைக்க வேணாம் சார். இது அவரோட எடம். பதில் வர்ற வரைக்கும் காலியா இருக்கட்டும்."

தளபதி என்னைப் பார்த்தார். பின்னேற்பு யார் எழுதுவார்கள் என்று எல்லாத் தளபதிகளுக்கும் தெரியும். நான் கர்னலைத் தனியாகப் பிடித்தேன். அந்த அம்மாவுக்கு எழுபது வயது, இருக்கும்போதே வேண்டும் என்று கேட்டார், நாமும் சரி என்றோம், ஐந்து வரியில் பின்னேற்புக் குறிப்பு எழுதித் தருகிறேன், யாராலும் குறை சொல்ல முடியாது என்றேன். முப்பத்துநான்கு ஆண்டில் விதியை மீறச் சொல்லி நான் கெஞ்சியது அப்போதுதான்.

"உங்களால முடியும்னு தெரியும் மேடம். அதனாலதான் உங்கள கேக்கல." பிறகு சொன்னார்: "அவரப் பத்தி நம்மகிட்ட இருக்கறது ஒரு தந்தி, ஒரு போட்டோ. கல்லுல அடிச்சா அப்புறம் அழிக்க முடியாது. அவருக்கு நாம செய்யறது இது ஒண்ணுதான். அதையாவது சரியா செய்வோம்."

விழாவில் எட்டுத் தூண்களின் துணி விலக்கப்பட்டது. எட்டுக் குடும்பங்கள் எட்டுப் பெயர்களைத் தொட்டுப் பார்த்தன. பிலோமினா அக்கா ஒன்பதாவது தூணைத் தடவிப் பார்த்துவிட்டு நேராகக் கர்னலிடம் வந்தார்.

"எட்டுப் பேருக்குப் பேரு. எங்க அண்ணனுக்கு வெறுங்கல்லு. எதுக்கு சார் என்னைக் கூப்ட்டீங்க? வேடிக்கை பாக்கவா?"

"பதில் வரணும்மா."

"நான் போனப்புறம் வருமா?"

  கர்னல் தொப்பியைக் கையில் பிடித்தபடி அந்த அம்மா வசவு முடிக்கும் வரை நின்றார். சுற்றிலும் சீருடைகள் நின்று பார்த்துக்கொண்டிருந்தன. உள்ளுக்குள் நானும் அந்த அம்மாவின் கட்சிதான்.

நினைவூட்டுகள் தொடர்ந்தன. நாலாவது, ஐந்தாவது. பிறகு அலுவலகத் தலைவருக்கே நேர்முகக் கடிதம். கர்னலின் மறுநியமனக் காலம் முடிந்தது. கடைசி நாள் மாலை, விடைபெறும் தேநீருக்கு அரை மணி தாமதமாக வந்தார். ஆறாவது நினைவூட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாராம். அடுத்த செப்டம்பரில் நானும் ஓய்வு பெற்றேன். எனக்குப் பின் கோப்பு பிரவீனிடம் போயிற்று.

பிறகு ஒருநாள் பிரவீன் போன் செய்தார். "மேடம், ஆவண அலுவலகத்துல இருந்து பதில். ஆனா ஏதோ திருத்தம்னு போட்டிருக்கு. படிக்கவா?"

படித்தார். சரிபார்க்கப்பட்டது, பெயரைப் பயன்படுத்துவதில் ஆட்சேபணை இல்லை. ஆனால் பதவி லான்ஸ் நாயக் அன்று. பதவி உயர்வு ஆணை அவர் இறப்பதற்குப் பதினோரு நாள் முன்பே கையெழுத்தாகியிருக்கிறது. முன்னணி முகாமுக்குப் போய்ச் சேரவில்லை. முகாம் கலைந்தபோது வேறு கட்டுகளோடு சேர்ந்து போய்விட்டது. தந்தி பழைய பதவியில் போயிற்று. சேவைப் பதிவில் இரண்டு இடத்தில் இரண்டு பதவி இருப்பதைக் கவனித்த ஒரு எழுத்தர், மூல ஆணையைத் தேடி எடுக்கும் வரை எங்கள் கடிதத்துக்குப் பதில் அனுப்ப மறுத்திருக்கிறார். அவர் பெயர் கடிதத்தில் இல்லை. கீழே இரண்டு எழுத்துச் சுருக்கொப்பம் மட்டும். பதவி: நாயக். பட்டை: இரண்டு.

என் வரைபடத்தில் ஒற்றைப் பட்டை இருந்தது. ஐந்து வரிப் பின்னேற்போடு அதைக் கல்லில் வெட்டியிருப்பேன்.

கர்னலுக்குத்தான் முதலில் போன் செய்தேன்.  "ரெண்டு பட்டை" என்றார். "அந்த அம்மாகிட்ட போன்ல சொல்லாதீங்க மேடம். நேர்ல போங்க."

கடிதத்தின் நகலோடு பள்ளிக்கரணை போனேன். பிலோமினா அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார். சட்டத்துக்குள் இருந்த தந்தியைப் பார்த்தார். மறுபடி கடிதத்தைப் பார்த்தார்.

"எங்கம்மா சாவற வரிக்கும் லான்ஸ் நாயக், லான்ஸ் நாயக்னே சொல்லிகினு இருந்துச்சு. அவன் நாயக்கா?"

"ஆமா அக்கா. நாயக்."

"அந்தக் கர்னல நாலு பேர் முன்னாடி வாய்க்கு வந்தபடி திட்டிட்டேனே." கடிதத்தை மடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டார். "எப்ப வந்துச்சும்மா இது?"

முத்திரையைக் காட்டினேன். எங்கள் நிலையத்தின் வரவுப் பதிவேட்டில் அது பதிவான நாள் மார்ச் பதினேழு, செவ்வாய்க்கிழமை.